கோணல் பின்னல்

"மூணாப் பிரிச்சாச்சா? இப்போ வலப்பக்கத்தைத் தூக்கி நடுவுல போடுங்க. நடுவுலங்க, மேல இல்ல."

அவர் மேலேதான் போட்டார்.

தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலியில் இரண்டாம் வகுப்பு மகள். மகளுக்குப் பின்னால், ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு, கையில் சீப்போடு கணவர். பள்ளி வண்டி வருவதற்குள் ரெட்டைப் பின்னல் முடிந்தாக வேண்டும்.

பின்னிக் காட்ட அவள் தலையில் இப்போது ஒரு முடி கிடையாது. பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மார்பில் வந்த புற்றுநோய் அறுவையோடு முடியவில்லை. அதன் பிறகும் மருந்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை ஏற்றிவிட்டு வரும்போதும் உடம்பை அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

இன்று மத்தியானம் அடுத்தது. போகப்போவதில்லை என்று நேற்று மாலையே சொல்லிவிட்டாள்.

"போதுங்க. என்னால முடியல. இனிமே அங்க என்னைக் கூப்பிடாதீங்க."

ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனுஷன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

வீட்டில் அவள் கையை விட்டு இன்னும் போகாதது இந்தப் பின்னல் ஒன்றுதான். சமையல் அவருக்குச் சுமாராக வந்துவிட்டது. துவைப்பது, மடிப்பது, பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் திட்டு வாங்குவது எல்லாம் கைமாறியாகிவிட்டது. அறுவைக்கு முன்பு பின்னல் பாடம் தொடங்கிய முதல் நாளே அவள் வாய்விட்டுச் சொன்னாள், இந்த ஒன்றையும் நீங்கள் கற்றுக்கொண்டால் நான் நிம்மதியாகப் போய்ச் சேருவேன் என்று.

அன்றிலிருந்து இந்த ஆளுக்குப் பின்னல் வரமாட்டேன் என்கிறது.

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. அவர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர். முடி போன்ற செம்புக் கம்பியை ஒரு சுற்றுப் பிசகாமல் சுற்றுகிற விரல்கள். ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சுற்றுவார். அதே விரல்கள் மகளின் தலைக்கு வந்தால் மட்டும் பத்தும் கட்டைவிரலாகிவிடுகின்றன. ஒரு பின்னல் காதுக்கு மேலே நின்றால் இன்னொன்று கழுத்தில் தொங்கும். வகிடு மண்டையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடும்.

மகளாவது கத்துகிறாளா என்றால் அதுவும் இல்லை. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். லேசாகச் சிக்கெடுத்தாலே தெருவைக் கூட்டுகிறவள், இந்தக் கொடுமைக்கு மட்டும் அசையாமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவிழ்த்துட்டு முதல்லேருந்து பின்னுங்க."

இதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம்தான் என்று சாய்ந்து கண்ணை மூடினாள்.

தூங்கிப்போயிருக்க வேண்டும். மகளின் கிசுகிசுப்புதான் எழுப்பியது.

"அப்பா, ஒண்ணை மட்டும் கெடுங்க. ரெண்டையும் கெடுத்தா வண்டி போயிடும்."

இமையை முழுதாகத் திறக்கத் தெம்பில்லை. பாதித் திறந்த கண்ணுக்கு எதிரே நிலைக்கண்ணாடி தெரிந்தது. அதில் மகளின் தலை.

வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இரண்டு பின்னல்களும் ஒரே உயரத்தில் தொடங்கி, அடிவரை ஒரே இறுக்கமாக இறங்கி, மடித்துக் கட்டி, ரிப்பனில் பூ வைத்து முடிந்திருந்தன. இவ்வளவு சுத்தமாக அவளுக்கே வராது.

இந்தப் பின்னலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் இப்படிப் பின்னிய தலையோடுதான் பார்க்க வந்தாள். யார் பின்னிவிட்டது என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அத்தை என்றார்கள் அப்பாவும் மகளும். வீட்டுக்குப் போனதும் அந்த அத்தைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், பிறகு மறந்துவிட்டாள்.

கண்ணாடியில் அவர் இடப்பக்க ரிப்பனை உருவினார். பின்னலை மேல்வரை அவிழ்த்தார். கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, முடியைக் காதுக்கு மேலே தூக்கி, வெகு சிரத்தையாகக் கோணலாகப் பின்ன ஆரம்பித்தார்.

இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தோமே என்று முதலில் கோபம்தான் வந்தது. நிம்மதியாகப் போய்ச் சேருவேன் என்று தான் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கல்லுளிமங்கன். போகாதே என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனுஷன்.

அவர் ரிப்பனைக் கட்டி முடிக்கும்வரை கண்ணை மூடியே வைத்திருந்தாள். பிறகு இருமினாள்.

அவர் மகளின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். சில்வண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்றாவியா இருக்கு. உங்களுக்கு இது இப்போதைக்கு வராது" என்றாள் அவள்.

அவர் சீப்பில் ஒட்டியிருந்த முடியை எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயும் ஆட, மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் மெல்லக் காலைத் தரையில் ஊன்றினாள். தலைத்துணியை அவிழ்த்து உதறி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, மத்தியானம் எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"