காற்று வாங்கிய கோல் கம்பம்

"பந்து எங்கப்பா?" என்று கேட்டான் டிராஸ்க்.

கிளெம் நோஸ்கே நெற்றியில் கையை வைத்து மைதானத்தின் மறுகோடியைப் பார்த்தான். அங்கே முக்கால்வாசி ஆட்டக்காரர்கள் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள். "எங்க கோல் வாசல்லதான். காலையிலேயே பால் காய்ச்சிக் குடியேறிடுச்சு" என்றான்.

முட்டை வடிவப் பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைத்து, நான்கு கால்பகுதிகளாக ஆடும் கிராமத்து லீக்கில், எண்பத்தாறாம் வருஷ சீசனின் கடைசி சனிக்கிழமை அது. குர்ராபின் அணி அந்த வருஷம் ஒரு ஆட்டத்தையும் விடாமல் தோற்றிருந்தது. கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிறுத்தப்பட்டிருந்த கிளெம்முக்கு இன்னும் போணியே ஆகவில்லை. இன்றும் ஆகாவிட்டால் அடுத்த சீசன் தொடங்கும் ஏப்ரல் வரை ஊர் சிரிக்கும்.

டிராஸ்க், எதிரணியான லோரனின் கடைசிக் காவல்காரன். கிளெம் எங்கே நகர்ந்தாலும் ஒட்டிக்கொண்டு நகர்வதுதான் அவன் உத்தியோகம். ஷட்டர் போட்ட கடை வாசலில் வாடிக்கையாளரும் வாட்ச்மேனும் சேர்ந்து நிற்பதுபோல், வராத பந்துக்காக இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்டுல யாரு சமையல்?" என்று கேட்டான் டிராஸ்க்.

"டின்னுல அடைக்கிறவன் சமைக்கிறான். நான் தொறக்கறேன்."

"பேச்சுத்துணைக்கு?"

"ரேடியோ இருக்கு. ஆடுங்க இருக்கு. என்ன சொன்னாலும் ஒரே பதில்தான், சண்டையே வராது."

டிராஸ்க் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. பக்கத்து வீடு கண்ணுக்கே எட்டாத கோதுமைக் காட்டில் கிளெம் தனியாக இருக்கிறான் என்பது லீக் முழுக்கத் தெரிந்த சங்கதி. இங்கே வந்தும் தனியாகத்தான் நிற்கிறான் பாவம்.

மூன்றாம் கால்பகுதி முடிந்தது. ஆரஞ்சுத் துண்டுகள் வந்தன. குர்ராபின் கோச் லௌதர் கிளெம்மைத் தனியாக இழுத்தார்.

"கடைசிப் பகுதிக்கு நீ நடுவுல போய் ஆடு. பந்து எந்த நிறம்னாவது தெரிஞ்சுக்க."

"முட்டி பிடிச்சிருக்கு, கோச்."

"நின்னு நின்னே பிடிச்சிருக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கிளெம்மும் சிரித்தான்.

முனை மாறியது, நிலைமை மாறவில்லை. குளிர் தாங்காமல் டிராஸ்க் மைதானத்தின் நடுப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். முட்டி பிடித்தவன் துள்ளி ஓடிவந்து அவனோடு சேர்ந்துகொண்டான்.

"யாருக்கு யார் காவல்னே தெரியலையே" என்றான் டிராஸ்க். இருவரும் திரும்பிக் கோல் கம்பத்துப் பக்கமே நடந்தார்கள். "சரி, கதையைக் கேளு. எங்க மாமியார் புது டிராக்டரை ரிவர்ஸ்ல எடுக்கறேன்னு சர்ச் வேலியை இடிச்சிட்டாங்க. உள்ள கல்யாணம் நடக்குது. பாதிரியார் வெளியே ஓடிவர்றார். மாமியார் மெதுவா எறங்கி, அவரைப் பார்த்து..."

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மறுகோடியிலிருந்து யாரோ கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து, காற்றில் ஏறி, தரையில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அவர்களை நோக்கி வந்தது.

டிராஸ்க் ஒரு கணம் யோசித்தான். லோரன் எப்போதோ ஜெயித்தாகிவிட்டது. குனிந்து, அவிழாத பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

பந்து கிளெம்மின் கையிலேயே வந்து விழுந்தது. ஓரத்துக் கோட்டை ஒட்டிய இடம், நல்ல ஆட்டக்காரர்களே தயங்கும் கோணம். கிளெம் இரண்டடி ஓடி உதைத்தான். நெட்டைக் கம்பங்கள் இரண்டுக்கும் நட்டநடுவே பந்து நூல் பிடித்தாற்போல் போனது.

கம்பத்தடியில் நின்றபடியே தூங்கிப்போயிருந்த வெள்ளைக்கோட்டு நடுவர் திடுக்கிட்டு, கோல் என்று காட்ட இரண்டு கொடிகளையும் ஆட்டினார். வேலியோரமாக நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. மறுகோடியிலிருந்து அவன் அணி மொத்தமும் ஓடிவந்து அவன்மேல் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் டிராஸ்க் அவனையே பார்த்தான். "இப்படி உதைக்கத் தெரிஞ்சவனாப்பா நீ?"

"அதை விடு" என்றான் கிளெம், முகத்துச் சேற்றைத் துடைத்தபடி. "மாமியார் எறங்கி என்ன சொன்னாங்க?"

அதைச் சொல்லி முடிக்கவும் சைரன் ஊதவும் சரியாக இருந்தது. குர்ராபின் வழக்கம்போல் தோற்றது.

இருட்டத் தொடங்கியபோது கார்கள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பின. கிளெம் ஆறிப்போன கறி பஃப்ஸோடு தன் வேனில் சாய்ந்து நின்றான். டிராஸ்க் தேடிக்கொண்டு வந்தான்.

"எங்க கோச் உன் உதையைப் பார்த்தாரு. அடுத்த வருஷம் எங்ககிட்ட வந்துடு. எங்க ஃபார்வர்டு ஆட்டத்தை விடறான். அந்த எடம் உனக்குத்தான்."

கிளெம் பூட்ஸ் சேற்றை வேன் சக்கரத்தில் தேய்த்தான்.

"யோசிக்க என்னப்பா இருக்கு? இங்க சீசன் பூரா சும்மா நின்னு காத்து வாங்கறே. எங்க டீம்ல பந்து உன்மேல மழையா கொட்டும். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது."

கடைசிக் காரும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. காலியான கோல் கம்பத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான் கிளெம்.

"பந்து வர ஆரம்பிச்சா, பேச்சு நின்னுடுமேப்பா."