எந்தக் கணக்கில் தப்பு?

“இருபத்திநாலு சார்!”

கடைசி வரிசையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுக் கல்வி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதுவரை அவருக்குக் கொட்டாவிதான் வந்துகொண்டிருந்தது. மலைப் பள்ளிக்கூடங்களில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, வேலூரில் தங்கவைத்துப் படிக்கவைக்க அந்த வருடம் ஒரு சர்க்கார் திட்டம் வந்திருந்தது. பள்ளிக்கு ஓர் இடம். அதற்காக ஆலங்காயத்திலிருந்து இடுப்பு ஒடிய ஜீப்பில் ஏறி வந்து, எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குக் கேட்டார்.

“ஒரு ஜீப் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துல மலை ஏறுது. அதே வழியில முப்பது கிலோமீட்டர் வேகத்துல இறங்குது. போய் வந்ததுக்குச் சராசரி வேகம் என்ன?”

“இருபத்தஞ்சு!” என்று முன்வரிசையில் சக்கரவர்த்தி கத்தினான். மற்றவர்களும் அதையே கோரஸாகப் பாடினார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இருபத்திநாலு வந்தது.

“எழுந்திரும்மா. எப்படி இருபத்திநாலு?”

“ஏர்றதுக்குத்தான சார் ரொம்ப நேரம் ஆவும்? மெதுவாப் போன நேரம் ஜாஸ்தி, வேகமாப் போன நேரம் கம்மி. அதனால சரிபாதியா வராது சார், கொஞ்சம் கீழதான் வரும். அறுபது கிலோமீட்டர்னு வெச்சிக்கினா ஏர்றதுக்கு மூணு மணி, எறங்க ரெண்டு மணி, நூத்தி இருபத அஞ்சால வகுத்தா இருபத்திநாலு சார்.”

அதிகாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். “இந்தக் கணக்கை வாத்தியார்களே தப்பாப் போடுவாங்க. ஹெட்மாஸ்டர், இந்த இடம் இவளுக்குத்தான். உன் பேர் என்னம்மா?”

“அம்சவல்லி சார்.”

அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றிருந்த அவள் அம்மா மங்கம்மாள் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். தலைமை ஆசிரியர் கோபால்சாமிதான் பேய் அறைந்தவர் மாதிரி நின்றார்.

“சார்... அவ போன வருஷமும் எட்டாவதுதான் படிச்சா.”

“பெயிலா?”

“ஆமா சார். கணக்குல.”

“கணக்குல! இந்தப் பொண்ணா! யாருய்யா பேப்பர் திருத்தினது?”

“நான்தான் சார்.”

“தூக்கத்துல திருத்தினீரா?”

கோபால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் எதிரில் அவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

அதிகாரியின் கோபம் மெல்ல வருத்தமாக மாறியது. “ஒரு தடவை பெயிலானவங்களைக்கூட இதுல சேர்க்கக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதேம்மா.”

ரூல் போட்டவர்கள் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களிடம் போய் யார் கேட்பது?

மங்கம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள். “சாமி, எப்டியாவது இவள இட்டுகினு போய்டுங்க. இவ அப்பா தன் அக்கா வூட்டுக்கு வாக்குக் குடுத்துட்டாரு. இஸ்கூல் முடிஞ்ச ஒடனே பரிசம். இந்த மலையில எட்டாவதோட இஸ்கூல் முடிஞ்சிடுது. வர்ற சித்திரையில கண்ணாலம். வேலூர்ல சேத்துட்டா, படிப்பு இன்னும் முடியலன்னு சொல்லி அவர நிறுத்திப்புடுவேன். சொன்ன சொல்லு மாற மாட்டாரு சாமி, முடியறவரைக்கும் காத்திருப்பாரு.”

“பெயிலாகாம இருந்திருந்தா இப்பவே ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருப்பேம்மா” என்றார் அதிகாரி. உண்மையாகத்தான் சொன்னார். பிறகு வேறு வழியில்லாமல் இருபத்தைந்து சொன்ன சக்கரவர்த்தியின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஜீப் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்த பிறகு, அம்சவல்லி கோபால்சாமியின் மேஜை அருகே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“சார், நான் வேலூர் போவலன்னா பரவால்ல. போன வருசம் எந்தக் கணக்குல தப்பு பண்ணேன்? அத்த மட்டும் சொல்லுங்க சார்.”

“இப்ப எதுக்கு அது?”

“அந்தக் கேள்வியெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் கீது சார். வூட்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன். அதே விடைதான் வருது. எங்க தப்புன்னே தெர்ல. நான் மக்குதான் போல.”

கோபால்சாமிக்கு அதிகாரி திட்டியது வலிக்கவில்லை, இது வலித்தது.

“போ... போய் மணி அடி. பசங்களை வூட்டுக்கு வுடலாம்.”

அவள் போனாள். மங்கம்மாள் மட்டும் வாசலில் நின்றிருந்தாள். கோபால்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“என்னால முடியலம்மா. தன்னை மக்குன்னு நெனச்சிக்கிட்டே அது காலம் பூரா இருக்கப்போவுது. நான் உண்மையைச் சொல்லிடறேன்.”

“வாணாம் வாத்தியாரே.” மங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெளியே தண்டவாளத் துண்டில் மகள் மணி அடிப்பது கேட்டது. “எல்லாக் கணக்கையும் சரியாப் போட்டிருந்தவள, இன்னும் ஒரு வருசமாவது கண்ணாலம் தள்ளிப் போவட்டும்னு ஒங்க கால்ல வுழுந்து பெயில் போட வெச்சது பெத்தவதான்னு அவளுக்குத் தெரியவே வாணாம்!”