அங்காளம்மா வெட்டிய குழி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஏரி. ஊர் தாம்பரத்துக்குத் தெற்கே. எழுபத்தாறாம் வருஷத்துப் புயல் மழையில் கரை உடைந்து, விடிவதற்குள் ஏரி மொத்தமும் வடிந்துபோனது.

பத்து நாள் கழித்துக் கரையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஏரிக்குள் ஆளுக்கொரு குழி. மூன்றடி ஆழம் வெட்டி, அந்த மண்ணைக் கரையில் கொட்ட வேண்டும். ஆழத்துக்கு அத்தாட்சியாக, குழி நடுவில் ஒரு மண் திட்டைப் புல்லோடு வெட்டாமல் விட வேண்டும். திட்டின் தலையிலிருந்து குழியின் அடிவரை ஓவர்சியர் வில்பிரட் கோல் வைத்து அளப்பார்.

அங்காளம்மாவின் குழி சரியாக மூன்றடி இருந்தது.

"சார், அது டூப்பு!" பக்கத்துக் குழியிலிருந்து பாப்பா கத்தினாள். "நேத்து திட்டு மேல மண்ண அப்பி, புல்லு நட்டுகினு இருந்தா. என் கண்ணால பாத்தேன்."

வில்பிரட் புல்லைப் பிடித்து இழுத்தார். ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் பொலபொலவென்று சரிந்தது.

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அங்காளம்மாவா? கூடையில் ஒரு பிடி மண் சிந்தினாலும் திரும்பிப் போய் அள்ளிக்கொண்டு வருகிறவளாயிற்றே!

"என்னம்மா இது? ரெண்டடி வெட்டிட்டு மூணடின்னு காட்டறியா? கரை மறுபடி உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

பாப்பா குழி விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"ஊரே முழுவிப் போய் கீது, இவளுக்கு ஏமாத்து வேலை கேக்குது! லிஸ்ட்டுலேர்ந்து அவ பேரை அடி சார்."

"நாளையிலேர்ந்து நீ வராதே," என்றார் வில்பிரட். "பாப்பா, மிச்சத்தை நீயே இறங்கி வெட்டு."

பாப்பா மம்பட்டியோடு காலை வைத்தாள்.

"ஐயோ, அவ வாணாம்!" அங்காளம்மா பாய்ந்து வந்து மம்பட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஓவர்சியரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய் காதில் ஏதோ சொன்னாள்.

வில்பிரட்டின் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அளவு… அளவு சரிதான். மூணடி. இந்தக் குழியை இனிமே யாரும் தொடக் கூடாது."

"இன்னா சார், நீயும் கூட்டா?" பாப்பா காறித் துப்பினாள். "நல்லா ஓதிட்டாடா காதுல! நாங்கதான் இளிச்சவாய்ங்க."

திட்டிக்கொண்டே அவள் கரைப் பக்கம் போக, மற்றவர்களும் முணுமுணுத்தபடி பின்னால் போனார்கள்.

வில்பிரட் குரலைத் தாழ்த்தினார். "உள்ள கிடக்கறது நிஜமாவே புயல்ல காணாமப் போன பாப்பாவோட பொண்ணுதானா?"

"தெனம் நான்தான சார் அதுக்கு ஜடை போட்டு வுடுவேன். எனக்குத் தெரியாதா? குழி ஓரத்துச் சேத்துல ஆப்டுச்சு. அடியில படுக்க வெச்சு, மேடு தெரியாம குழி பூரா ஒரு அடி மண்ண நெரவிட்டேன். அளவு கொறையக் கூடாதுன்னுதான் திட்டையும் ஒசத்துனேன்."

"பெத்தவகிட்ட சொல்ல வேணாமா?"

"யாரோ ஊரப்பாக்கத்துல ரயிலேத்தி இட்டுகினு போய்ட்டாங்கன்னு நம்பிகினு கீறா சார். அவளுக்கு இது ஏழாம் மாசம். பெத்து எழட்டும். நானே சொல்றேன்."

சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னும் தன்னைத் திட்டி ஓயாத பாப்பாவின் கூடைக்குக் கை கொடுக்க நடந்தாள் அங்காளம்மா.