முதல் ஆள்

"அன்னைக்கு மட்டும் ஒரு படம் எடுத்துக்கிட்டிருந்தார்னா, கங்காதரன் இன்னைக்கு நம்ம நடுவுல உட்கார்ந்திருப்பார்."

இரும்புலியூர் குடியிருப்போர் சங்கத் தலைவர் தோத்தாத்ரி, மைக்கைச் சற்று விலக்கிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். மேஜையில், மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து சங்கச் செயலாளர் கங்காதரன் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் புற்றுநோய். தெரியவந்தபோதே டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். முன்வரிசையில் அவர் மனைவி பூவம்மாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் குறிப்பிட்டது, இரண்டு வருஷத்துக்கு முன்பு சங்கம் நடத்திய இலவச நெஞ்சுப் பரிசோதனை முகாமை. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எக்ஸ்ரே வண்டி, ஷாமியானா, ஆட்டோவில் மைக், எல்லாம் இருந்தும் ஆள்தான் இல்லை. வரிசையில் நின்றால் 'அந்த வீட்டில் யாருக்கோ டி.பி.யாம்' என்று பேச்சு கிளம்பும். பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

கடைசியில் தோத்தாத்ரிதான், "முதல் ஆள் நான்!" என்று மைக்கில் அறிவித்தார். வழக்கம்போல் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, போட்டோவுக்காக இரண்டு முறை படியேறினார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் சட்டைப் பொத்தானை மாட்டியபடியே வெளியே வந்து கும்பிட்டார். கைதட்டல் அடங்குவதற்குள் வரிசை ரோடு வரை நீண்டுவிட்டது.

"காலையிலேர்ந்து வண்டிக்குள்ளேயே நின்னு ஒத்தாசை பண்ணினார் கங்காதரன். ஊரையே ஏத்தி விட்டவர், தன் பேரை மட்டும் கொடுக்கலை" என்று தலைவர் வருந்தினார். மற்றபடி தங்கமான மனிதர், அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் வீட்டில்கூட மூச்சுவிடமாட்டார் என்று பாராட்டவும் செய்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கங்காதரன் நினைவாக அடுத்த மாதம் மறுபடியும் வண்டி வருகிறது. எல்லோரும் பேர் கொடுக்க வேண்டும்.

ஒரு கைகூட உயரவில்லை.

அடுத்த தெரு அமலராணி டீச்சர் மட்டும் எழுந்தார். "போன தடவை அத்தனை பேர் எடுத்தோமே சார், யாருக்காவது ஏதாவது தெரிஞ்சுதா? எல்லாருக்கும் ஒண்ணுமில்லைன்னுதானே வந்துச்சு?"

அதானே என்று பின்வரிசைகள் முணுமுணுத்தன. முகாமும், அதற்கு வரப்போகிற பத்திரிகைக்காரர்களும் கைநழுவிப் போவது தலைவருக்குத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. எனக்குத் தெரிஞ்சுது. ஒரே வாரத்துல ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். இடது பக்கம் ஒரு நிழல் மாதிரி இருக்கு, உடனே வாங்கன்னாங்க."

பின்வரிசைகள் கழுத்தை நீட்டிக் கேட்டன. அது அவருக்குப் பிடித்திருந்தது. மறுபடி மறுபடி போன் வந்ததையும், தான் கலங்காமல் இருந்ததையும் விவரித்தார். சனிக்கிழமைதோறும் திருநீர்மலை ஏறினாராம். காலையில் வெறும் வயிற்றில் துளசி. பிறகு குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் இன்னொரு படம் எடுத்துப் பார்த்தால், நிழல் இருந்த சுவடே இல்லை.

"முகாம்ல முன்கூட்டியே தெரிஞ்சதாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறேன்" என்று முடித்தார். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து சிலர் கைதட்டினார்கள். அங்கங்கே கைகள் உயரத் தொடங்கின.

பூவம்மாளும் எழுந்தாள். முதல் பேர் அவளுடையதாக இருந்தால் எவ்வளவு பொருத்தம் என்று உருகிப்போன தலைவர், மைக்கை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப போன் வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா. நாலஞ்சு தடவை."

"வரலைன்னுதான் நாங்க நினைச்சிட்டிருந்தோம்" என்றாள் அவள், கணவரின் படத்தைப் பார்த்தபடி. "படம் எடுத்தா நீங்க சிகரெட் பிடிக்கிறது தெரிஞ்சிடும்னு, வண்டிக்குள்ள உங்க பேர்ல இவரைத்தானே நிக்க வெச்சீங்க? 'எதுனா இருந்தா தலைவர் சொல்லாமலா இருப்பாரு'ன்னு கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."