குப்பிக்குள் ஒரு ஜோடி

பூச்சி ஆராய்ச்சி செய்யும் முகோஞ்சா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

காலையில் வலையில் விழுந்தவை. எள்ளில் பாதிகூட இல்லாத கூன் ஈக்கள் இரண்டு, உயிரோடு, இணைந்தபடியே இருந்தன. ஒன்றுக்குச் சிறகு உண்டு. மற்றதற்கு இல்லை.

சிறகு இல்லாதது அவளுடையது. கறையான் புற்றுகளைக் கிளறிக் கிளறி அவள் கண்டுபிடித்த இனம். கசாந்தி என்று பெயர் வைத்தாள்.

சிறகு உள்ளது எதிர் மேசை ஷிவாச்சியுடையது. அவன் தன் மகள் பெயரை வைத்தான், மிதேவா என்று. உலகத்தில் இந்த ஈக்களைச் சட்டை செய்கிற நாலைந்து பேரில் இரண்டு பேர் ஒரே ஆய்வறையில் உட்கார வேண்டும் என்பது தலையெழுத்து.

அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பெண். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஆண். இரண்டும் ஒரே இனம் என்று இதுவரை இருவருக்குமே உறைக்கவில்லை.

இனம் ஒன்றென்றால் பெயரும் ஒன்றுதான். முதலில் அச்சேறியது நிற்கும், மற்றது அழியும். முதலில் அச்சேறியது மிதேவா.

அவனுக்கு என்ன குறை? கென்யாவின் இந்த ககமேகா காட்டில் டீக்கடைக்காரி முதல் காவலாளி வரை அவனை ‘மிதேவா அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முகோஞ்சா எல்லோருக்கும் வெறும் டாக்டரம்மா. மிதேவா நைரோபியிலிருந்து தினமும் போன் செய்வாள். அவன் சிரிப்பு அறை முழுக்கக் கேட்கும். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது ஈயும் அவனுக்கேவா?

முடியாது. இன்னொரு தடவை அவளால் முடியாது.

மூடியில் விரலை வைத்தாள். திறந்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

“என்ன டாக்டரம்மா, குப்பியையே முறைச்சிட்டிருக்கீங்க? கொடுங்க பாப்போம்.”

பின்னால் ஷிவாச்சி. அவள் மறுப்பதற்குள் வாங்கிவிட்டான்.

லென்ஸை வைத்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ஜன்னலருகே போய் மூடியைக் கழற்றினான். சிறகுள்ளது சிறகில்லாததைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் பறந்தது.

இதிலும் அவனே முந்திக்கொண்டான். அவளுக்கு அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது.

“குப்பி காலிதான். வாங்க கசாந்தியம்மா, டீ ஆறுது,” என்றான்.

மகளைப் புதைத்த நாளிலிருந்து அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.