பத்தாம் இடத்துப் பாட்டு

அன்றைக்கும் மூன்று மணிக்குப் பாட்டுச் சத்தம் கிளம்பியதும், நிர்மலா பாயைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு எழுந்தாள்.

விடியற்காலையில் எழுந்து பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய், பழம் தனி, காய் தனி, உடைசல் தனி என்று பிரித்துப் போட்டுவிட்டுப் பகலில் வீடு திரும்புகிறவள். மத்தியானம் கண்ணை மூடினால்தான் அவளுக்குத் தூக்கம்.

இந்த வருஷம் முழுக்க அந்தத் தூக்கத்தைப் பக்கத்து வீட்டு வெண்மதி தின்றுவிட்டாள்.

தினமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள். ஆனால் போட்டால் தெருவே அதிரும்.

பெண்ணின் அப்பா மாதவராஜிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. லோடு வண்டி ஓட்டுகிறவர். தன்மையான மனிதர். "மன்னிச்சிக்கங்க, புள்ளைக்குப் பாட்டுன்னா பைத்தியம். சொல்லி வெக்கிறேங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு அப்படி ஒரு பிள்ளையா என்று நிர்மலாவுக்கு ஆத்திரம் கூடித்தான் போனது.

பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்திருந்தாள் வெண்மதி. பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மடியில் ஸ்பீக்கர், தெருவைப் பார்த்தபடி. மலைப்பக்கத்துப் பையன்கள் யாரோ யூடியூபில் போட்ட பம்பை மேளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் டீக்கடை, மினி பஸ், காதுகுத்து என்று ஓரிடம் விடாமல் அலறிய பாட்டு.

"ஏ புள்ள, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா? ஒரு மணி நேரம் கண்ண மூட வுடமாட்டியா?"

"கொஞ்ச நேரந்தாங்க அத்தை. முடிஞ்சிரும்."

கொஞ்ச நேரம்! நிர்மலா அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

திரையில் ஒரு பட்டியல் திறந்திருந்தது. மேலே, 'இந்த வருஷ டாப் டென்'. சினிமாப் பாட்டும் கிராமியப் பாட்டும் கலந்து பத்து. பெயரைத் தொட்டால் பாட்டு ஓடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்.

முதலிடத்தில் இந்தப் பம்பைப் பாட்டு. 'ஆறு நிமிஷம். எங்கயும் நிக்காது.'

இரண்டாவது, தலையும் வாலும் இல்லாத ஒரு குத்துப்பாட்டு. 'எடுத்ததுமே அடி. உடனே போடலாம்.'

மூன்றாவதுக்கு, 'பாட்டு பிடிக்காது. நல்ல சத்தம்.'

தூக்கம் போன கோபம் போய் நிர்மலாவுக்கு வேறு கோபம் வந்தது. ஒரு காதில் பாட்டை மாட்டிக்கொண்டுதான் அவள் தக்காளி பிரிப்பாள். எது நல்ல பாட்டு என்று அவளைக் கேட்டுத்தான் மண்டியில் மற்ற பெண்கள் போனில் ஏற்றிக்கொள்வார்கள். அவளைக் கேட்டால் இந்த வருஷத்துக்கு ஒரே பாட்டுதான். கேட்கும்போதெல்லாம் தக்காளி பிரிக்கிற கை தானாக நின்றுவிடும். அது பத்தாவதில் கிடந்தது.

பக்கத்தில், 'எனக்கு ரொம்பப் பிடிச்சது. போடக் கூடாது.'

"பிடிச்சத அடியில போட்டு, பிடிக்காதத மேல தூக்கி வெச்சிருக்கிற. அது காதா, ஓட்ட அண்டாவா? போடறதுதான் போடற, கேக்கறவங்களுக்கு எதமாவாவது போட்டுத் தொலையேன்!"

அவளே பத்தாவதைத் தொட்டாள்.

"அத்தை, அது வேணாங்க!" வெண்மதி எழுந்து போனுக்குத் தாவினாள். "அது நடுவுல நின்னுரும்."

நிர்மலா கையை உயர்த்திக்கொண்டாள். புல்லாங்குழல் தொடங்கியது. பிறகு அந்தப் பெண் குரல். பல்லவி முடிந்து, சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஒருசேர நின்று, பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடம். நாலே நொடி.

பாட்டு நின்றது.

சாத்திய கதவுக்குப் பின்னால் பெல்ட் வீசுகிற சத்தம் கேட்டது. அப்புறம், வாயில் துணி வைத்து அழுத்தியதுபோல, வெண்மதியின் அம்மா பானுமதியின் குரல்.

அப்புறம் மாதவராஜின் குரல். அதே தன்மையான குரல். "சத்தம் வெளிய போச்சின்னா இன்னும் வுழும்."

பாட்டு மறுபடி தொடங்கியது.

வெண்மதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணாவதப் போடுங்க அத்தை" என்றாள். "சீக்கிரம்."

ஒரு வருஷம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது நிர்மலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் ஒன்றாவதைப் போடவில்லை. படியில் கிடந்த ஸ்பீக்கரை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள்.

தெரு சட்டென்று வெறிச்சோடியதுபோல் ஆனது. உள்ளே நடப்பது எதிர் வரிசை வரைக்கும் கேட்டது. அடுத்த அடியும் கேட்டது. நிர்மலா வெண்மதியை ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கதவை ஓங்கி உதைத்தாள். "டேய் மாதவராஜு, கதவத் தொறடா!"

ஆட்கள் ஓடிவருவார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் குழாயடியில் தீர்த்தம்மாள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்கடை வாசலில் மாதையன். இரண்டு பேர் முகத்திலும் ஆச்சரியம் என்று ஒன்று இல்லை.

தீர்த்தம்மாள் தலையைக் குனிந்து குடத்தை எடுத்தாள். "பாட்ட ஏன் நிறுத்தின நிர்மலா?" என்றாள், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. "ஓடிட்டுப் போவட்டும் வுடு."

இந்த வருஷம் முழுக்கப் பாட்டுச் சத்தத்தைப் பற்றி அந்தத் தெருவில் வேறு யாருமே வாய் திறந்ததில்லை என்பது அப்போதுதான் நிர்மலாவுக்கு உறைத்தது.

மறுபடி உதைத்தாள். தாழ்ப்பாள் பிய்ந்தது.