பச்சை விழட்டும்

"இந்த வீட்டுல ரயில் ஓட்டுறது நானா, நீங்களா?"

தோளிலிருந்த பையைக்கூட அவள் இறக்கவில்லை. சரக்கு ரயில் ஓட்டுநர். முதல் நாள் கிளம்பிப் போனவள், இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். வாசலிலேயே காத்திருந்த மூன்று வயது மகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

கணவன் தையல் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தான். பாதி தைத்த சட்டை ஒரு பக்கம் தொங்க, அவன் கையில் போன். திரையில் கோடு கோடாகத் தண்டவாளங்கள். மேலே சிவப்பும் பச்சையுமாக சிக்னல் புள்ளிகள்.

"நல்லாக் கேளுடி," என்றாள் அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்திறங்கிய அவள் அக்கா. "உன் வீட்டுக்காரர் பெரிய ஸ்டேஷன் மாஸ்டர்! போன்ல சிக்னல் பார்க்க ஒரு ஆப், பிளாட்பாரம் பார்க்க ஒரு ஆப், ரயில் பைத்தியங்க கூடிப் பேச ஒரு ஆப். ஒரு காலர் தைக்கிறதுக்குள்ள மூணையும் ஒரு சுத்து வந்துடுறார்."

"கல்யாணத்தப்போ எஞ்சின் முன்னால இருக்குமா பின்னால இருக்குமான்னு கேட்ட மனுஷன்க்கா இவர்!"

கணவன் மெதுவாகச் சொன்னான். "சரக்கு ரயிலுக்கு டைம்டேபிள் கிடையாதே. இதுல பார்த்தாத்தான்..."

"அதை எனக்கே சொல்லித் தர்றீங்களா? சிக்னலை முறைச்சு முறைச்சுக் கண்ணு பூத்துப்போய் வர்றேன். வீட்டுலயும் அதே சிவப்பு பச்சையா? பாப்பாவையும் சேர்த்துக் கெடுக்கிறீங்க. எல்லாத்தையும் அழிங்க."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே."

"ஒண்ணுகூட வேண்டாம்."

அவன் ஒவ்வொன்றாக அழித்தான். பாப்பா மட்டும், "அதை அழிக்காதப்பா," என்று சிணுங்கியது.

"பார்த்தியா, இப்பவே அடம்," என்றாள் அக்கா.

அடுத்த முறை வண்டி எடுத்தபோது, ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே சிவப்பில் வெகுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சினுக்குள் போன் பேசக் கூடாது. பாப்பாவை நினைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்குப் போனாலும் வாசலில் நிற்கும். பெற்றவள் வருவது எப்படித்தான் தெரியுமோ! உள்ளுக்குள் அவளுக்கு அதில் ஒரு கர்வம்.

வீடு வந்தபோது வாசலில் யாருமில்லை.

கதவைத் திறந்த அக்காவின் முகத்தில் கேலி இல்லை. "பாப்பா நேத்திலேருந்து சோத்துல கையே வைக்கலைடி."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் இப்பதான் விஷயம் தெரிஞ்சுது. போன்ல அந்தத் தண்டவாளப் படத்துல ஒரு புள்ளியைக் காட்டி, 'இதோ அம்மா சிவப்புல நிக்கிறா... பச்சை விழுந்தாச்சு, ஒரு வாய் வாங்கிக்கோ'ன்னு சொல்லித்தான் உன் வீட்டுக்காரர் இத்தனை நாளா ஊட்டியிருக்கார். நீ கடைசி சிக்னலைத் தாண்டினதும் வாசல்ல கொண்டுவந்து நிறுத்துவாராம். அழிச்சதுலேருந்து 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு ஒரே கேள்வி. பதில் சொல்ல அவர்கிட்ட என்ன இருக்கு?"

அவள் கணவனைப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ பக்கத்துல இல்லாம பாப்பா சாப்பிடாதுன்னு தெரிஞ்சா உனக்கு நிம்மதி இருக்குமா? சிக்னல் பார்க்கிற கண்ணு, கலங்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

அவன் தோளில் முகம் புதைத்திருந்த பாப்பாவை நோக்கி அவள் இரு கைகளையும் நீட்டினாள்.

பாப்பா தாவி வரவில்லை. தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது.

"ஏம்மா, உனக்குப் பச்சையே விழலையா?"